பழகும் காலத்துக்கு விலை கொடுப்பது யார்?

பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற ஆரணியில், தறியில் புதிதாக அமரும் இளைஞரிடம் முதல் நாளே விலை உயர்ந்த பட்டுப் பாவை ஒப்படைத்துவிட்டு யாரும் எழுந்து சென்றுவிடுவதில்லை. முதலில் அவர் நூல் சுற்றுவார். அறுந்த இழையை முடிச்சிடப் பழகுவார். கைதேர்ந்தவரின் அருகில் அமர்ந்து பார்ப்பார். பிறகுதான் எளிய கரை கொண்ட சேலை ஒன்றை, மூத்தவர் பார்வையில் நெய்யத் தொடங்குவார். கற்றுக்கொள்பவருக்கு ஒரு பழகும் காலம் உண்டு. அந்தக் காலத்தில் அவரை முழு ஆளாகக் கணக்கிடக் கூடாது. பள்ளிக்கூடம் செல்லாத நெசவாளரும் அறிந்த பொருளாதாரம் இது.

சேலையில் ஓர் இழை தவறினால் விலைதான் குறையும். உயிர் தவறிப்போகக்கூடிய ஓரிடத்தில் இந்த எளிய அறிவை நாம் கடைப்பிடிக்கிறோமா? மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் புதிதாகப் பணியில் சேரும் செவிலியர்களை எண்ணும்போது இந்தக் கேள்வி எழுகிறது.

எங்கள் தெருவில் நெசவாளர் குடும்பம் ஒன்றின் மூத்த மகள், நான்காண்டு பி.எஸ்சி. செவிலியர் பட்டப்படிப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்தார். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவர். கல்விக் கடன் இருந்தது. தம்பி கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தார். வெளியூர் மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்தது. இரண்டு நாள் அறிமுக வகுப்பு; நான்காம் நாள் இரவுப் பணி. ஒரு மாதத்துக்குப் பிறகு விடுப்பில் ஊருக்கு வந்தவர், திரும்பிச் செல்ல மறுத்துவிட்டார். அவருடைய தந்தை அவரை என்னிடம் அழைத்து வந்தார்.

'படித்தது எல்லாம் நினைவில் இருக்கிறது, சார். ஒரே நேரத்தில் நான்கு பேர் உள்ளே வரும்போது யாரிடம் முதலில் போவது என்பதுதான் தெரியவில்லை' என்றார் அந்தப் பெண்.

அவர் சொன்ன நிகழ்ச்சி இது. ஒரு நாள் இரவு, தலையில் அடிபட்ட சிறுவன் ஒருவனை ஏழெட்டு உறவினர்கள் தூக்கி வந்தனர். சட்டை முழுவதும் ரத்தம், ஒரே கூச்சல். அதே வேளையில் முதியவர் ஒருவர், 'நெஞ்சு எரிகிறது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது' என்று சொல்லிவிட்டு, ஓரமாக இருந்த நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்தார். புதிய செவிலியர் சிறுவனிடம் ஓடினார். அந்த வழியே சென்ற மூத்த செவிலியர், முதியவரின் நெற்றியில் பூத்திருந்த வியர்வையைக் கவனித்து நின்றார். உடனே அவரைப் படுக்க வைத்து இ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு. சிறுவனுக்கு நான்கு தையல் போதுமானதாக இருந்தது. முதியவரும் பிழைத்துக்கொண்டார்.

'அந்த சிஸ்டர் அன்றைக்கு விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், சார்?' என்று அந்தப் பெண் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மாரடைப்பின் அறிகுறிகளை அவர் படிக்காதவர் அல்லர். தேர்வில் கேட்டிருந்தால் வரிசையாக எழுதியிருப்பார். அறிந்ததை, கூச்சலுக்கு நடுவே, உரிய நொடியில் அடையாளம் காண்பது வேறொரு திறன். அதைப் புத்தகம் தராது. அனுபவசாலி ஒருவரின் அருகில் நின்றால் மட்டுமே கைவரும். 'நம்மால் சொல்ல முடிவதைவிட அதிகமாக நாம் அறிந்திருக்கிறோம்' என்னும் கருத்தை விளக்கி மைக்கேல் போலானி 1966-இல் ஒரு நூலே எழுதினார். அந்த மூத்த செவிலியரிடம், வியர்வையைக் கண்டதும் ஏன் நின்றீர்கள் என்று கேட்டால், அவராலும் முழுமையாக விளக்க இயலாமல் போகலாம்.

அவசர சிகிச்சைப் பிரிவு எந்த வகையில் மற்றப் பிரிவுகளிலிருந்து மாறுபட்டது என்பதைப் பொதுமக்களும் அறிந்துகொள்வது நல்லது. உள்நோயாளிகள் பிரிவில் நோயாளியின் பெயர், நோய், தர வேண்டிய மருந்து, நேரம் ஆகிய அனைத்தும் எழுதப்பட்ட தாளில் இருக்கும். அவசரப் பிரிவுக்கு வருபவருக்குப் பல நேரங்களில் பெயர்கூடத் தெரியாது. அடுத்து வருபவர் யார், எத்தனை பேர், என்ன துன்பம் என்பதை யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

இதனால்தான் அங்கே வந்த வரிசைப்படி சிகிச்சை அளிக்கப்படுவதில்லை; ஆபத்தின் வரிசைப்படி அளிக்கப்படுகிறது. இதற்கு 'ட்ரையாஜ்' என்று பெயர். தமிழக அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் இயங்கும் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகள் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்தப்படுகிறார்கள். உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு. சிறிது நேரம் பொறுக்கலாம், ஆனால் கண்காணிப்பு தேவை என்றால் மஞ்சள். காத்திருக்கலாம் என்றால் பச்சை. இந்த வகைப்பாடு ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலையும் அன்று. பச்சையில் இருப்பவர் அரை மணி நேரத்தில் சிவப்புக்கு மாறக்கூடும். அந்த மாற்றத்தை முதலில் காண வேண்டிய கண்கள் பெரும்பாலும் செவிலியருடையவை.

ஒவ்வொரு துன்பத்துக்கும் ஒரு கடிகாரம் உண்டு. நெஞ்சு வலியுடன் வருபவருக்குப் பத்து நிமிடங்களுக்குள் இ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. பக்கவாதத்தில் மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அதற்குள் ஸ்கேன் எடுத்து, அது ரத்தக்கசிவு அன்று என்பதையும் உறுதி செய்ய வேண்டும். ஆகவே, 'எத்தனை மணிக்குப் பேச்சு குழறத் தொடங்கியது?' என்று செவிலியர் கேட்கும் கேள்வியைத் தேவையற்ற விசாரணையாக உறவினர்கள் கருதக் கூடாது. சிகிச்சையின் போக்கையே தீர்மானிக்கும் கேள்வி அது.

நெல் வயல்கள் சூழ்ந்த எங்கள் பகுதியைப் போன்ற இடங்களில் பாம்புக்கடி இன்னும் அன்றாட உண்மை. கடித்த பாம்பைக் கொண்டு வரத் தேவையில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே கூட்டு நச்சு முறிவு மருந்துதான் இங்கு வழங்கப்படுகிறது. நஞ்சு ரத்தத்தைப் பாதித்திருக்கிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு மில்லி லிட்டர் ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடங்கள் அசைக்காமல் வைக்க வேண்டும். உறையாவிட்டால் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். சொல்வதற்கு எளிது. அந்த இருபது நிமிடங்களில் யாரும் குழாயைத் தொட்டு ஆட்டிவிடாமல் காப்பதும், இடையில் வந்துசேரும் மூன்று நோயாளிகளைக் கவனித்தபடியே இருபதாவது நிமிடத்தை மறவாமல் இருப்பதும் புதியவருக்கு எளிதன்று.

புதிய செவிலியர் பழக வேண்டிய மற்றவையும் வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குச் சிறியனவாகவே தோன்றும். பணி தொடங்கியதும் அவசர மருந்து வண்டியைத் திறந்து, எந்த மருந்து எந்த அறையில் இருக்கிறது, காலாவதி ஆகியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா, சளி உறிஞ்சும் கருவி இயங்குகிறதா, மூச்சுக் குழாய் செலுத்தப் பயன்படும் கருவியின் விளக்கு எரிகிறதா, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி மின்னேற்றம் பெற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோயாளி வந்த பிறகு இவற்றைத் தேடுவதற்கு நேரம் இராது.

பேச்சிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இதயம் நின்றுபோன ஒருவருக்குப் பலர் சூழ்ந்து சிகிச்சை அளிக்கும்போது, மருத்துவர் வாய்மொழியாகச் சொல்லும் மருந்தையும் அளவையும் செவிலியர் உரக்கத் திருப்பிச் சொல்லி, செலுத்திய பின் 'செலுத்தியாயிற்று' என்றும் நேரத்துடன் அறிவிக்க வேண்டும். பதினைந்து என்பது ஐம்பது என்று காதில் விழுந்துவிடாமல் காப்பது இந்தப் பழக்கம்தான். சந்தேகம் இருந்தால், எவ்வளவு மூத்த மருத்துவராக இருந்தாலும், மீண்டும் கேட்கத் தயங்கக் கூடாது. நம் கல்வி முறையில் கேள்வி கேட்காமல் இருப்பதையே அடக்கம் என்று கற்ற பெண்களுக்கு இந்தத் துணிவு ஒரே நாளில் வருவதில்லை.

சட்டமும் அங்கே வந்து நிற்கிறது. விபத்து, தாக்குதல், நஞ்சு, தீக்காயம் ஆகியவற்றில் விபத்துப் பதிவேட்டில் குறிப்பு எழுதப்பட வேண்டும்; காவல் நிலையத்துக்குத் தகவல் செல்ல வேண்டும். நினைவிழந்தவரின் நகையையும் பணத்தையும் எண்ணிக் கையொப்பம் பெற்று ஒப்படைக்க வேண்டும். ஆனால், இவற்றில் எதுவும் சிகிச்சைக்கு முன் நிற்கக் கூடாது. காவல் துறை நடைமுறைகளைக் காரணம் காட்டி உயிர் காக்கும் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்சநீதிமன்றம் 1989-இலேயே தெளிவுபடுத்திவிட்டது.

இத்தனையையும் ஒருவர் எவ்வளவு காலத்தில் கற்கிறார்? அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர், 1984-இல் வெளியிட்ட நூலில், செவிலியரின் வளர்ச்சியைப் புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து படிகளாக வகுத்தார். தொடக்கப் படிகளில் இருப்பவர் விதிகளைப் பற்றிக்கொண்டு நடப்பார். எல்லாத் தகவல்களும் அவருக்கு ஒரே எடையுடன் தோன்றும். எதை விட்டுவிடலாம், எதை விடக் கூடாது என்னும் பகுப்பு அனுபவத்தில்தான் வருகிறது. 'யாரிடம் முதலில் போவது என்று தெரியவில்லை' என்று எங்கள் தெருப் பெண் சொன்னது, பென்னரின் தொடக்கப் படிகளுக்கு நேரான விளக்கம். அது அவருடைய குறை அன்று. எல்லோரும் கடந்துவரும் படி.

அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1974-இல், மார்லின் கிரேமர் என்பவர், கல்லூரியில் கற்ற இலட்சியத்துக்கும் மருத்துவமனையின் நடைமுறைக்கும் இடையில் புதிய செவிலியர்கள் அடையும் அதிர்ச்சியையும், அதனால் பலர் தொழிலையே விட்டு விலகுவதையும் பற்றி நூல் எழுதினார். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அந்த அதிர்ச்சி தீரவில்லை.

செவிலியர் கல்வியின் வரலாற்றிலும் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் தொடங்கப்பட்ட பள்ளி, நோயாளிகளின் படுக்கை அருகிலேயே பயிற்சி அளித்தது. ஆரணிக்கு அருகில் உள்ள வேலூரில், மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அங்கு செவிலியர் பட்டப்படிப்பு வந்தது. பயிற்சிப் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நகர்ந்தது பெரும் முன்னேற்றம். செவிலியர் வெறும் ஏவலர் என்ற நிலை மாறி, அறிவியல் கற்ற தொழில் வல்லுநர் ஆனார். ஆனால், உடன் நின்று பழகும் காலம் அந்த நகர்வில் சுருங்கிப்போயிற்று.

இளம் மருத்துவரை எடுத்துக்கொள்வோம். நாலரை ஆண்டுகள் படித்த பிறகு, ஓராண்டு பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினால்தான் அவர் முழுமையான பதிவு பெற முடியும். செவிலியர் பட்டப்படிப்பின் இறுதியிலும் களப்பயிற்சி உண்டு. ஆனால், அது நான்காண்டுப் படிப்புக்குள் அடங்கியது. பல பிரிவுகளுக்கும் பங்கிடப்பட்டது. பட்டம் பெற்று வெளியே வந்த மறுநாள் முதல் அவர் முழுச் செவிலியர். பணிப் பட்டியலில் அவர் பெயருக்கும் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவரின் பெயருக்கும் வேறுபாடு இல்லை.

இங்கேதான் பொருளாதாரம் குறுக்கிடுகிறது. 1964-இல் வெளிவந்த 'மனித மூலதனம்' என்னும் நூலில் கேரி பெக்கர் பயிற்சியை இரு வகையாகப் பிரித்தார். ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே பயன்படும் பயிற்சி ஒன்று. எங்கு சென்றாலும் பயன்படும் பொதுப் பயிற்சி மற்றொன்று. பொதுப் பயிற்சிக்கு எந்த முதலாளியும் பணம் செலவிட விரும்பமாட்டார். ஏனெனில், பயிற்சி பெற்றவர் நாளையே அடுத்த நிறுவனத்துக்குச் சென்றுவிடலாம். எனவே, அந்தச் செலவைக் குறைந்த ஊதியத்தின் வடிவில் பயிற்சி பெறுபவரே ஏற்கிறார் என்றார் பெக்கர்.

அவசரப் பிரிவில் ஒருவர் பெறும் திறன் இத்தகைய பொதுத் திறன். ஆரணியில் கற்றது சென்னையிலும் துபையிலும் லண்டனிலும் செல்லும். சிறிய ஊரின் மருத்துவமனை கற்றுத் தருகிறது. பெரிய ஊரும் வெளிநாடும் பயன் பெறுகின்றன. இதை அறிந்த நிர்வாகங்கள் பயிற்சியில் கைவைக்கத் தயங்குகின்றன. ஆனால், நம் நாட்டில் நிகழ்வது பெக்கர் சொன்னதைவிடக் கொடியது. குறைந்த ஊதியம் என்னும் விலையைப் புதிய செவிலியர் கொடுத்துவிடுகிறார். பயிற்சி என்னும் சரக்கு மட்டும் அவருக்கு வந்து சேர்வதில்லை. மீதி விலையை, தனக்குத் தெரியாமலேயே, நோயாளி கொடுக்கிறார்.

ஊதியத்தின் நிலை அனைவரும் அறிந்ததே. உச்சநீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டு உத்தரவையடுத்து அமைக்கப்பட்ட நிபுணர் குழு, ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனைகளில்கூடச் செவிலியருக்கு மாதம் ரூ.20,000-க்குக் குறையாமல் வழங்க வேண்டும் என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவற்றில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வழங்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அது பெருமளவு பரிந்துரையாகவே இருந்துவிட்டது.

அரசுத் துறையும் முன்மாதிரியாக இருந்துவிடவில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் 2015-இல் தேர்வு செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான செவிலியர்கள் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் பணியமர்த்தப்பட்டனர். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் நடத்திய போராட்டம் பலருக்கும் நினைவிருக்கும். கரோனா காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டு, தொற்றுப் பிரிவுகளில் பணியாற்றிய 2,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிவுக்கு வந்தது. இரண்டாண்டுகளுக்கு மேல் நெருக்கடியில் பழகித் தேர்ந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பின்னர் புதியவர்களைத் தேடுவது, நெய்யக் கற்றவரை எழுப்பிவிட்டுப் புதியவரைத் தறியில் அமர்த்துவதைப் போன்றது.

செவிலியர் எண்ணிக்கைக்கும் நோயாளியின் உயிருக்கும் உள்ள தொடர்பு வெறும் ஊகம் அன்று. லிண்டா ஏய்கன் தலைமையிலான குழு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், முப்பது நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்கிறது என்று அது கண்டது. கலிஃபோர்னியா மாநிலம், அவசரப் பிரிவில் நான்கு நோயாளிகளுக்கு ஒரு செவிலியராவது இருக்க வேண்டும் என்ற சட்ட விதியை 2004 முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. புதியவரை முழு ஆளாகக் கணக்கில் சேர்த்தால், தாளில் விகிதம் சரியாக இருக்கும். படுக்கை அருகில் இராது.

நம் மாநிலம் அவசர சிகிச்சைக்குச் செய்திருப்பது குறைவன்று. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வழி செய்தது. தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் எண் போதும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 17,884 பேர் உயிரிழந்தனர். வண்டியும் கட்டடமும் காப்பீடும் வந்துவிட்டன. வண்டி வந்து நிற்கும் வாசலில் நோயாளியை ஏற்கும் கைகள் பழகிய கைகளா என்பதே அடுத்த கேள்வி.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவது, அவசரப் பிரிவில் சேரும் புதிய செவிலியரை முதல் மூன்று மாதங்களுக்குப் பணியாளர் எண்ணிக்கையில் சேர்க்காமல் கூடுதல் ஆளாகவே வைத்திருக்க வேண்டும். இரண்டாவது, அவருக்கென மூத்த செவிலியர் ஒருவரைப் பொறுப்பாக்கி, இருவருக்கும் ஒரே பணிநேரம் ஒதுக்க வேண்டும். கற்பிக்கும் மூத்தவருக்குச் சிறு ஊக்கத்தொகை தர வேண்டும். மூன்றாவது, ட்ரையாஜ், இதய மீட்பு, மருந்துகளின் அளவு, கருவிகள் ஆகியவற்றில் செய்து காட்டித் தேறிய பிறகே ஆறாம் மாதத்துக்குள் படிப்படியாகத் தனிப் பொறுப்பு தர வேண்டும். அதுவரை இரவில் தனித்து விடக் கூடாது. நான்காவது, சிறிய தனியார் மருத்துவமனைகளால் இதைத் தனித்துச் செய்ய இயலாது. மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவர்களுக்கும் பொதுவான பயிற்சியை அரசு நடத்தலாம். எல்லோருக்கும் பயன்படும் திறனுக்கு எல்லோர் பணத்திலிருந்தும் செலவிடுவது நியாயமே. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் புதிய செவிலியருக்கு வழிகாட்டியுடன் கூடிய தொடக்கக் காலப் பயிற்சிகள் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன.

செலவு மிகுதி என்பார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு செவிலியர்கள் உள்ள அவசரப் பிரிவு ஒன்று. நாளொன்றுக்கு ஐம்பது நோயாளிகள். ஒரு செவிலியர் சராசரியாக மூன்றாண்டுகள் நீடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நான்கு புதியவர்கள் வருவார்கள். ஒருவருக்கு மாதம் ரூ.20,000 வீதம் மூன்று மாத ஊதியம் ரூ.60,000, உடனிருந்து கற்பிப்பவருக்கு மாதம் ரூ.2,000 வீதம் ரூ.6,000. நான்கு பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு ரூ.2,64,000. இதை ஆண்டின் 18,250 நோயாளிகளுக்குப் பகிர்ந்தால், ஒருவருக்குப் பதினைந்து ரூபாய்க்கும் குறைவு. ஒரு தேநீரின் விலை. பயிற்சியால் செவிலியர் கூடுதலாக ஓராண்டு நீடித்தால் அந்தச் செலவும் குறையும்.

பொதுமக்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. அவசரப் பிரிவில் நமக்கு முன் வேறொருவர் கவனிக்கப்பட்டால், அது பெரும்பாலும் புறக்கணிப்பு அன்று. அவருடைய ஆபத்து நம்முடையதைவிடப் பெரிது என்பதன் அறிகுறி. துன்பம் தொடங்கிய நேரத்தைச் சொல்வதும், நோயாளி உட்கொள்ளும் மருந்துகளை எடுத்துச் செல்வதும், ஒருவர் மட்டும் உடன் நின்று மற்றவர்கள் வெளியே இருப்பதும் பெரிய உதவிகள். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2008-இலேயே தமிழகத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், பணியில் சேர்ந்து ஒரு மாதமே ஆன பெண்ணின் மீது பாயும் வசைச்சொல், பெரும்பாலும் எந்தக் காவல் நிலையத்தையும் எட்டுவதில்லை.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூவற்றோடு, உடனிருந்து மருந்தளிப்பவரையும் மருத்துவத்தின் நான்காம் கூறாக எண்ணுகிறது. வள்ளுவர் சமமாக வைத்த ஒருவரை நாம் செலவுக் கணக்கில் ஒரு வரியாகச் சுருக்கிவிட்டோம்.

எங்கள் தெருப் பெண் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்கலாம். அவர் மீண்டும் பணிக்குச் சென்றார். என் அறிவுரையால் அன்று. முதியவரின் வியர்வையைக் கவனித்த அதே மூத்த செவிலியர் தொலைபேசியில் அழைத்து, 'இரண்டு மாதம் என் ஷிஃப்டிலேயே இரு. நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்' என்றாராம். நிர்வாகத்தின் விதிகளில் அப்படி ஏதும் இல்லை. ஒரு தனிமனிதரின் நல்லெண்ணம் ஒரு செவிலியரைத் தொழிலில் தக்க வைத்தது. மூன்றாண்டுகள் கடந்துவிட்டன. கடந்த பொங்கலுக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த இரு பெண்களுக்குத் தானே உடன் நின்று சொல்லிக் கொடுப்பதாகக் கூறினார். அதற்கென அவருக்கு ஊக்கத்தொகை ஏதும் இல்லை; அவருடைய நோயாளிகளின் எண்ணிக்கையும் குறைக்கப்படவில்லை.

அந்த மூத்த செவிலியரைப் போன்றவர்கள் எல்லா மருத்துவமனைகளிலும், எல்லா இரவுகளிலும் இருப்பார்கள் என்று நம்பி நாம் உறங்க முடியாது. நல்லெண்ணத்தால் நடப்பதை விதியாக்குவதும், அதற்கான செலவை வெளிப்படையாக ஏற்பதுமே அரசின் கடமை, மருத்துவமனைகளின் கடமையும்கூட.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), ஆரணி.